தேங்கிய நீரும் தேங்கிய திரையும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் மருத்துவமனை இணையப் பக்கத்தின் வேக வரலாறு

மருத்துவமனை ஒன்றின் இணையத்தளம் திறப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம், மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குக் கணினித் துறையினரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாகவே தோன்றும். ஆயினும், நோயாளியின் காத்திருப்பு அவர் மருத்துவமனைப் படியேறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதையும், அந்தக் காத்திருப்பின் முதல் பகுதி இன்று கைப்பேசித் திரையிலேயே கழிகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்த நேரத்துக்குப் பொதுநலம் சார்ந்த ஒரு வரலாறு உண்டு என்பது விளங்கும். இங்கு 'ஏற்ற நேரம்' எனப்படுவது, பயனர் ஓர் இணைப்பைத் தொட்ட கணத்திலிருந்து, அவருக்குத் தேவையான செய்தி படிக்கத்தக்க வடிவில் திரையில் வந்து நிற்கும் வரையிலான இடைவெளியாகும். கிள்ளான் வட்டாரத்துத் தமிழர்கள் இந்த இடைவெளி நீளும்போது 'லைன் ஸ்லோ' என்று சொல்லிவிட்டு அமைகிறார்கள். ஆனால் குற்றம் எப்போதும் லைனிடம் இருப்பதில்லை என்பதே கடந்த முப்பது ஆண்டுகளின் அனுபவம் காட்டும் உண்மை.

இந்த வரலாற்றைப் பார்ப்பதற்குப் பண்டமாரான் பொருத்தமான இடம். கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையே அமைந்த இவ்வூர், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்த்து உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று. பின்னர் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழ்ந்த பல இனத்தவரும் இதைச் சுற்றிக் குடியேறினர். மருத்துவமனைக்கும் இல்லத்துக்கும் இடையிலான தொலைவு இவ்வட்டாரத்தில் எவ்வாறு குறுகி வந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், இணையப் பக்கத்தின் வேகம் அந்த நெடுங்கதையின் அண்மைக்கால அத்தியாயம் என்பது புலனாகும்.

வடிகால் தந்த பாடம்

1901-ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளான் மாவட்டப் பொறுப்பேற்றபோது, அந்நகரம் மலேரியாவின் பிடியில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது; 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது இதுவே. திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்து, துறைமுகத்தை மூடிவிடலாமா என்று நிர்வாகம் ஆலோசிக்கும் நிலை ஏற்பட்டது. நோயாளிகள் பெருகும்போது படுக்கைகளைப் பெருக்குவதே வழக்கமான தீர்வு. வாட்சனோ, மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897-இல் செக்கந்தராபாத்தில் கண்டறிந்ததை அடிப்படையாகக் கொண்டு, சதுப்பு நிலங்களை வெட்டித் தேங்கிய நீரை வடியச்செய்வதை முதன்மையாக்கினார். காய்ச்சல் மரணங்கள் அடுத்த ஆண்டே வெகுவாகக் குறைந்தன. கூட்டம் சேர்ந்த பிறகு இடம் தேடுவதைவிட, கூட்டம் சேர்வதற்கான காரணத்தை நீக்குவதே நிலைத்த பயன் தரும் என்ற கருத்தைக் கிள்ளான் மண் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய தருணம் அது. இணையப் பக்கத்தின் வேகத்துக்கும் இதே கருத்து பொருந்துவதைப் பின்னர் காணலாம்.

தோட்டப்புறத் தமிழர்களுக்கு மருத்துவம் என்பது நெடுங்காலம் 'டிரசர்' எனப்பட்ட உதவி மருத்துவப் பணியாளரின் கையிலும், பல தோட்டங்கள் சேர்ந்து நடத்திய மருத்துவமனைகளிலும் இருந்தது. கிள்ளான் லங்காட் சாலையில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை 1985-இல் செயல்படத் தொடங்கிய பிறகு, பண்டமாரான் மக்களுக்கு அரசின் பெரிய மருத்துவமனை அருகிலேயே கிடைத்தது. அந்நாளில் மருத்துவமனையைப் பற்றிய செய்தியைப் பெறுவதற்கு நேரில் செல்லுதல், தொலைபேசியில் அழைத்தல், அடுத்த வருகைத் தேதி எழுதப்பட்ட அட்டையைப் பத்திரப்படுத்துதல் என்ற மூன்று வழிகளே இருந்தன. பார்வையாளர் நேரத்தை அறிவதற்காக ஒருவர் ஒருமுறை வீணாக அலைய நேர்ந்தால், அரைநாள் கூலி போயிற்று. இணையப் பக்கம் ஈடுசெய்ய வந்தது இந்த அலைச்சலைத்தான். ஆகவே அதன் தரத்தை அளக்க வேண்டிய கோலும், மிச்சப்படுத்தப்பட்ட அலைச்சல்தான்.

கம்பியின் அகலமும் பக்கத்தின் எடையும்

மலேசியாவில் இணையம் ஆய்வுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது. 1985-இல் தொடங்கப்பட்ட மிமோஸ் என்னும் மின்னணுவியல் ஆய்வு நிறுவனம் வளர்த்த ஜாரிங் வலையமைப்பு, 1992-இல் அமெரிக்காவுடன் நொடிக்கு 64 கிலோபிட் திறன் கொண்ட செயற்கைக்கோள் இணைப்பைப் பெற்றது. இன்று ஒரே ஒரு கைப்பேசி பயன்படுத்தும் அளவில் பல நூறில் ஒரு பங்கான அந்த இணைப்பே, அப்போது ஒரு நாட்டின் வாசலாக இருந்தது. 1996-இல் டெலிகாம் நிறுவனத்தின் டிஎம்நெட் சேவை வந்து, வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை அழைக்கும் 'டயல்-அப்' முறை பரவியது. அதே ஆண்டு பல்லூடகப் பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூர் நகர மையத்திலிருந்து புதிய விமான நிலையம் வரை நீண்ட அப்பெருவழியின் முதன்மைச் செயல்திட்டங்களுள் தொலைமருத்துவமும் ஒன்று. 1997-இல் தொலைமருத்துவச் சட்டமும் அதற்கான வரைவுத் திட்டமும் வெளியாயின. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, நோயாளிக் குறிப்பு, ஆய்வக முடிவு, எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு ஆகிய யாவற்றையும் கணினியில் கையாளும் முழுமையான தகவல் அமைப்புடன், காகிதமற்ற மருத்துவமனை என்ற பெயரைப் பெற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அக்காலத் திட்டங்களின் கவனம் மருத்துவமனைக்கு உள்ளே ஓடும் தகவலின்மீது நிலைத்திருந்தது. வெளியிலிருந்து மக்கள் தட்டும் வாசலான இணையப் பக்கம், நிறுவனத்தின் அறிமுகப் பலகையாகவே கருதப்பட்டது. அதனால் அதில் கட்டடத்தின் பெரிய படமும், சின்னமும், வரவேற்புச் செய்தியும், ஓடும் எழுத்தும் முதலிடம் பெற்றன. நோயாளி தேடிய பிரிவின் தொலைபேசி எண் மூன்றாவது அல்லது நான்காவது பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது. இவ்வழக்கம் உலகெங்கும் பொதுவாகக் காணப்பட்டதே தவிர, ஒரு நாட்டுக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரியதன்று.

இதன் விலையை எளிய கணக்கால் அறியலாம். டயல்-அப் முறையின் உச்ச வேகமான நொடிக்கு 56 கிலோபிட் என்பது, எட்டால் வகுத்தால், நொடிக்கு 7 கிலோபைட் ஆகும். 300 கிலோபைட் எடையுள்ள ஒரு கட்டடப் படம் அதன் வழியே வந்து சேர நாற்பது நொடிக்கு மேல் ஆகும். 2001-இல் அறிமுகமான ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றைச் சேவையில் 384 கிலோபிட் இணைப்பு பெற்றவருக்கு அதே படம் ஆறு நொடியில் வந்தது. 2010 மார்ச்சில் கண்ணாடியிழைக் கம்பி வழியாக யூனிஃபை சேவை தொடங்கி, அதன் மிகக் குறைந்த திட்டமே நொடிக்கு 5 மெகாபிட் தந்தபோது, அப்படம் அரை நொடியில் திறந்தது. இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் காத்திருப்பு ஒழிந்திருக்கும். ஆனால் அதற்குள் கைப்பேசிக் கேமராவும் டிஜிட்டல் கேமராவும் 4 மெகாபைட் படங்களை எடுக்கத் தொடங்கின. அப்படி எடுக்கப்பட்ட இரத்ததான முகாமின் படத்தை அளவு குறைக்காமல் முகப்பில் ஏற்றினால், அதே 5 மெகாபிட் இணைப்பில் அது வந்து சேர ஆறு நொடிக்கு மேல் பிடிக்கும். பத்தாண்டு காலம் கம்பிகளைப் பதித்து ஈட்டிய வேகத்தை ஒரு படம் அப்படியே விழுங்கிவிட்டு, வாசகரை 2001-ஆம் ஆண்டின் காத்திருப்புக்கே திருப்பி அனுப்பியது.

இது உலகளாவிய போக்கு. இணையப் பக்கங்களின் எடையைத் தொடர்ந்து பதிவுசெய்து வரும் எச்டிடிபி ஆர்க்கைவ் என்னும் திட்டத்தின் கணக்குப்படி, 2010-இன் இறுதியில் கணினித் திரைக்கான பக்கமொன்றின் நடுநிலை எடை ஏறத்தாழ 470 கிலோபைட்டாக இருந்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 2 மெகாபைட்டைக் கடந்தது. குழாய் அகலமாகும் தோறும் அதில் விடப்படும் சுமையும் பெருகியது.

கம்பியின் அகலத்தைப் போலவே தொலைவும் ஒரு காரணம். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. பக்கத்தைச் சேமித்து வைத்து அனுப்பும் கணினியான சேவையகம், வாடகை குறைவு என்பதற்காக 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்க மேற்குக் கரையில் வைக்கப்பட்டிருந்தால், ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 140 மில்லிநொடியாவது ஆகும். முகவரியைக் கண்டுபிடித்தல், தொடர்பை ஏற்படுத்துதல், மறைகுறியீட்டுச் சாவிகளைப் பரிமாறுதல், பக்கத்தைக் கேட்டல் என நான்கு சுற்று போய்வர வேண்டியிருப்பின், முதல் எழுத்து வருவதற்கு முன்பே அரை நொடிக்கு மேல் கழிந்துவிடும். பண்டமாரானில் இருப்பவர் சில கிலோமீட்டரில் உள்ள மருத்துவமனையின் பக்கத்தைக் காணப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து திரும்பும் இந்த விந்தை நிலையைக் குறைக்க, இரண்டு ஏற்பாடுகள் உதவின. ஒன்று, 2006-இல் அமைந்த மலேசிய இணையப் பரிமாற்றகம். உள்நாட்டு நிறுவனங்களின் தரவு வெளிநாடு சுற்றாமல் உள்ளேயே கைமாறுவதற்கு இது வழி செய்தது. மற்றொன்று, 1998-இல் தோன்றிய அகமாய் நிறுவனம் பரப்பிய உள்ளடக்க விநியோக முறை. பக்கத்தின் நகல்களை உலகின் பல நகரங்களில் வைத்து, வாசகருக்கு அருகிலுள்ள நகலை வழங்குவதே அதன் சாரம்.

நொடியை அளந்தவர்கள்

வேகத்தைப் பற்றிய உணர்வு, அளவையாக மாறுவதற்கு நெடுநாள் ஆயிற்று. 1968-இல் ராபர்ட் மில்லர் கணினியின் மறுமொழி நேரத்தை மனித மனத்தோடு இணைத்து ஆராய்ந்தார். 1993-இல் ஜேக்கப் நீல்சன் அதை மூன்று எல்லைகளாகத் தொகுத்தார். பத்தில் ஒரு நொடிக்குள் வரும் மறுமொழி உடனடியாக வந்ததாகத் தோன்றும். ஒரு நொடி வரை சிந்தனையின் ஓட்டம் அறாது. பத்து நொடியைக் கடந்தால் கவனம் வேறிடம் சென்றுவிடும். வலியோடும் அச்சத்தோடும் திரையைப் பார்ப்பவருக்குப் பத்து நொடியும் நெடிது.

2007-இல் ஸ்டீவ் சவுடர்ஸ் வெளியிட்ட நூல் இத்துறையின் திசையை மாற்றியது. பயனர் காத்திருக்கும் நேரத்தில் எண்பது முதல் தொண்ணூறு விழுக்காடு, சேவையகத்தில் செலவாவதில்லை என்றும், பக்கத்தின் முதல் கோப்பு வந்த பிறகு படம், நடையழகுக் கோப்பு, நிரல் முதலியவற்றை ஒவ்வொன்றாக வரவழைப்பதிலேயே கழிகிறது என்றும் அவர் காட்டினார். அதுவரை, பக்கம் மெதுவாக இருந்தால் இன்னும் பெரிய சேவையகம் வாங்குவதே மருந்தாக நம்பப்பட்டது. அவர் எடுத்துரைத்த வழிகள் எளியவை: கோப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அனுப்பும் முன் சுருக்குதல், ஒருமுறை வந்ததை உலாவியே சேமித்து வைத்துக்கொள்ளச் செய்தல், நிரலைப் பக்கத்தின் கடைசியில் வைத்தல். பின்னர் கூகுள் நிறுவனம் 2010-இல் வேகத்தைத் தேடல் வரிசைக்கான காரணிகளுள் ஒன்றாக்கியது. 2020-இல் அது அறிவித்த அளவைகளின்படி, பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போது வரிகள் இடம் பெயரக் கூடாது. இரண்டாவது நிபந்தனை மருத்துவமனைக்கு மிகவும் உரியது: அவசரப் பிரிவின் எண்ணைத் தொடப் போகும் கணத்தில் தாமதமாக வந்த படமொன்று அதைக் கீழே தள்ளிவிட்டால், விரல் வேறு எதையோ தொட்டுவிடும்.

தமிழுக்கு இதில் தனிக் கதை ஒன்று உண்டு. ஒருங்குறி எனப்படும் பொது எழுத்துக் குறியாக்கம் பரவுவதற்கு முன்பு, எழுத்துரு இல்லாத கணினிகளிலும் தமிழ் தெரிய வேண்டுமென்பதற்காகத் தமிழ் வரிகளைப் படமாக்கி ஏற்றுவது பொது வழக்காக இருந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடிய காலம் அது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளாலும், ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவாலும், தமிழைப் படமாக அன்றி எழுத்தாகவே திரையில் நிறுத்தப் பாடுபட்டவர்களுள் முதல் வரிசையில் உள்ளவர். அதன் பயனை ஒரு சொல்லில் காணலாம். 'மருத்துவமனை' என்ற சொல்லில் பதினொரு குறியீடுகள் உள்ளன. இணையத்தில் வழங்கும் முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறுவதால், முழுச் சொல்லும் 33 பைட்டில் அடங்கிவிடும். பார்வையாளர் நேரம், வாகன நிறுத்துமிடம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சொல்லும் 60 சொற்களாலான தமிழ் அறிவிப்பு, ஏறக்குறைய 2 கிலோபைட்டில் முடியும். அதே அறிவிப்பைப் பூவேலைக் கரையிட்ட சுவரொட்டியாக வடிவமைத்துப் படமாக ஏற்றினால், சாதாரணமாகவே 500 கிலோபைட்டைத் தாண்டும். இருநூற்றைம்பது மடங்கு எடை கூடும். அதோடு, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளால் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கவும் முடியாது. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் எழுத்துரு உள்ளது. எனினும் சுவரொட்டியைப் படமாகவே ஏற்றும் பழக்கம் மட்டும், காரணம் மறைந்த பிறகும் சடங்காக நீடிக்கிறது.

2021: சோதனைக் காலம்

இந்த வரலாற்றின் கடுமையான சோதனை பெருந்தொற்றுக் காலத்தில் வந்தது. 2021 பிப்ரவரியில் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியைப் பற்றிப் பொதுமக்களிடையே அச்சம் நிலவியதால், அதை விரும்பிப் பதிவு செய்வோருக்கு மட்டும் வழங்குவதென முடிவாகி, மே 2-ஆம் நாள் நண்பகலில் சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்காக இணையப் பதிவு திறக்கப்பட்டது. முன்வருவோர் குறைவாகவே இருப்பர் என்று பலரும் எண்ணியிருக்க, ஏறத்தாழ 2 இலட்சத்து 68 ஆயிரம் இடங்கள் மூன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பின. மே 26-இல் மேலும் சில மாநிலங்களையும் சேர்த்து ஏறக்குறைய பத்து இலட்சம் இடங்களுக்குப் பதிவு நடந்தபோது, பக்கம் திறக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டது, பொத்தான் தோன்றவில்லை என்ற முறையீடுகள் நாடெங்கும் எழுந்தன. திட்டத்தின் ஒருங்கிணைப்பு அமைச்சர் கைரி ஜமாலுடின் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விரைவான இணைப்பும் புதிய கருவியும் வைத்திருந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. ஒரே கைப்பேசியைக் குடும்பமே பகிர்ந்துகொண்ட இல்லங்கள் பின்தங்கின. அந்த ஜூலையில் கிள்ளான் மருத்துவமனையில் நோயாளிகளின் எண்ணிக்கை படுக்கைகளை மிஞ்சிப் போனதை நினைவில் கொண்டால், பக்கம் திறக்காமல் வட்டமாகச் சுழன்று நின்ற அந்தத் திரையின் பொருள் எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

இதற்கு முன்னோடியான நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்திருந்தது. 2013 அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில், முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். அதைச் சீராக்க வந்த குழு, அடிக்கடி கேட்கப்படும் விடைகளை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து தோண்டி எடுக்காமல், தயாராக எடுத்துவைத்து வழங்கும் தற்காலிகச் சேமிப்பு முறையை விரிவாக்கியது. யாருக்கு எங்கே தாமதமாகிறது என்பதை நேரடியாகக் காட்டும் கண்காணிப்பையும் ஏற்படுத்தியது. எட்டு நொடியாக இருந்த மறுமொழி நேரம் சில வாரங்களில் ஒரு நொடிக்கும் கீழே இறங்கியது.

மலேசியாவில் அடைந்த தீர்வு வேறு வகையானது; வரலாற்று நோக்கில் அதுவே கூடுதல் மதிப்புடையது. மே மாதப் பதிவுக்குப் பின், முந்தியவருக்கு முதலிடம் என்ற அப்போட்டி முறையே கைவிடப்பட்டு, அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி பொதுத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. மக்கள் தம் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால், தேதி அவர்களைத் தேடி வந்தது. ஒரே நண்பகலில் ஒரே வாசலில் இலட்சக்கணக்கானோர் திரள வேண்டிய காரணமே நீங்கியதால், நெரிசலும் நீங்கியது. சேவையகத்தைப் பெருக்குவது படுக்கையைப் பெருக்குவதற்கு ஒப்பானது; திரள்வதற்கான காரணத்தை நீக்குவதோ வடிகால் வெட்டுவதற்கு ஒப்பானது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் சதுப்பில் கற்ற பாடம், அதே பள்ளத்தாக்கில் மீண்டும் கற்கப்பட்டது.

ஆகவே, மருத்துவமனைத் தளத்தின் வேகத்தை உயர்த்துவதென்பது மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதாகும். இந்தப் பக்கத்தில் நோயாளிக்குத் தேவையற்றது எது, ஒருமுறை தேடியதை மறுமுறையும் தேட வைப்பது எது, எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரவழைப்பது எது என்பவையே அவை. முதல் கேள்விக்குப் படத்தைச் சுருக்குவதும், சுவரொட்டியை எழுத்தாக்குவதும், தேவைப்படாத நிரலை அகற்றுவதும் விடை. இரண்டாவதற்குத் தற்காலிகச் சேமிப்பும் அருகிலுள்ள சேவையகமும் விடை. மூன்றாவதற்கு விடை கணினி அறையில் கிடைக்காது, நிர்வாகத்தின் மேசையில்தான் கிடைக்கும். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பக்கத்தைப் பார்க்கப் போகிறவர் யார் என்ற நினைவு மட்டும் வேண்டும்.

அந்த நினைவுக்கு உரியவர், முன்பணம் செலுத்திய தரவில் சில நூறு மெகாபைட் மட்டுமே மிச்சமுள்ள பழைய கைப்பேசியில், பண்டமாரான் வீடொன்றின் வாசலில் நின்றபடி சிறுநீரகப் பிரிவின் எண்ணைத் தேடும் மூத்தவர். அவருக்குக் கட்டடத்தின் படம் தேவையில்லை. அது எப்படி இருக்கும் என்பதை, மாதம் தவறாமல் அங்கே போய்வரும் அவர் நன்றாகவே அறிவார். அவர் தேடும் எண்ணும் நேரமும் 2 கிலோபைட்டுக்குள் அடங்கும். 1992-இல் நாட்டுக்கு வாசலாக இருந்த அந்த 64 கிலோபிட் இணைப்பிலேயே கால் நொடியில் வந்து சேர்ந்திருக்கும்.